கொழுந்து மடுவத்தின் சாட்சிகள்

இலங்கையின் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் வயதான பெண்களிடம் பழைய காலத்தைக் கேட்டால், பேச்சு, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில்தான் போய் நிற்கிறது. பனியில் நனைந்த கொழுந்தைத் தராசில் வைத்ததும் தண்ணிக்கென்று கொஞ்சம் கழியும், கூடைக்கென்று கொஞ்சம், முத்தல் கிடந்தால் அதற்கும். அந்தக் காலத்தில் றாத்தல், பிறகு கிலோ. செக்ரோல் என்ற பேர்ப்பதிவில் ஏறியது கழித்தபின் மிஞ்சிய எடை மட்டுமே; அது அன்றைய அளவைத் தொடாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கையில் பறித்ததற்கும் கணக்கில் விழுந்ததற்கும் நடுவே போனது எவ்வளவு என்பதைத் தோட்டத்துக் கணக்கு சொல்லாது. இவர்களின் வாய்மொழியை மலையகத்தின் சோகக் கதையாகக் கேட்டு உருகிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வேலையைப் பற்றிய சாட்சியம். அப்படித்தான் அதைப் பதிய வேண்டும்.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது முதல் ஏக்கரும் விளைச்சலும் துரைமார் பெயரும் எழுத்தில் இருக்கின்றன. தொழிலாளியின் பக்கம் எழுதப்படாததற்குக் காரணம் எழுத்தறிவின்மை மட்டுமல்ல. வேலையும் கம்பனியுடையது, குடியிருந்த காம்பராவும் கம்பனியுடையது. முறையிட்டவர் கையில் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் குடும்பமே வெளியில் நிற்கும். அந்த நிலையில் யார் மனு எழுதுவார்? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துச் சம்பளப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தபோது விசாரணைக் குழு அமைந்தது, சாட்சியங்கள் பதிவாயின. ஓர் உயிர் போனால்தான் தொழிலாளியின் சொல் ஏட்டில் ஏறும் என்றால், நாள்தோறும் மடுவத்தில் நடந்ததற்கு நினைவைத் தவிர வேறு ஏடு இல்லை.

நினைவு பிசகும் என்பார்கள். ஆண்டு கேட்டால் இவர்கள் சொல்வதில்லை, உண்மைதான். 'பஞ்சத்துக்கு முந்தி', 'பஞ்சத்துக்குப் பிந்தி' என்கிறார்கள். 1973–74 உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் சாவைப் பெருக்கியது எழுத்திலும் இருப்பதால், அந்தக் காலக்கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்றுண்டு: 'வெள்ளைக்காரத் துரை காலமே தேவலை' என்று சொல்பவர்களை எப்படி நம்புவது? அந்தச் சொல்லை அடிமைப் புத்தி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசு கைக்குப் போன அதே ஆண்டுகளில்தான் அரிசியும் மாவும் குறைந்தன. சில தோட்டங்களில் தொழிலாளர்கள் லயத்தை விட்டே விரட்டப்பட்டார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒப்பிடுவது இரண்டு ஆட்சிகளை அல்ல, அடுப்பு எரிந்த நாளையும் எரியாத நாளையும். தராசுப் பேச்சு வந்தால் அதே வாய் வெள்ளைக்காரத் துரையையும் விடுவதில்லை.

ஆனால் எத்தனை கிலோ மொத்தத்தில் போனது என்று நினைவை வைத்துக் கூட்டிப் பார்க்க முடியாது. கழித்தபின் மிஞ்சியதை மட்டும் எழுதிய செக்ரோலும் அதைச் சொல்லாது. அதனால்தான், பஞ்ச காலத்தில் கூடை சுமந்து இன்று எழுபதைத் தாண்டியவர்களிடம் எந்த மலையில் பறித்தீர்கள், நிறுத்தது யார், எதற்கெல்லாம் கழித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிந்துவைக்க வேண்டும்.