மூணாற்றில் மூன்று நாள்

விடுமுறை என்றால் மலைக்குப் போக வேண்டும் என்ற வழக்கத்தை நம் தேசத்தில் ஏற்படுத்தி வைத்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள். அவர்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாயிற்று. வழக்கம் மட்டும் போகவில்லை. ஆகவே, சென்ற காலாண்டு விடுமுறையில் "எங்கேயாவது குளிர்ச்சியாக" என்று நம் புதல்வர்கள் இருவரும் விண்ணப்பம் செய்துகொண்டபோது, நாம் கொடைக்கானல் என்றோம். நம் சகதர்மிணி உதகமண்டலம் என்றாள். இவ்விதம் இரண்டு மலைகளுக்கு நடுவில் குடும்பம் தத்தளித்துக் கொண்டிருக்கையில், எழுபத்து மூன்று வயது வரையில் தமக்கென்று எதையும் கேட்டறியாத நம் தாயார், அடுப்படியிலிருந்து "மூணாறு" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

நமக்கு நெஞ்சு திக்கென்றது. காரணத்தை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். நம் தாயாரின் தகப்பனார் மூணாற்றில் "எஸ்டேட் உத்தியோகம்" பார்த்தவர் என்று நம் விவாக காலத்தில் பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தோம். அது பொய்யல்ல. ஆனால் அந்த உத்தியோகம் கவாத்துக் கத்தியால் தேயிலைச் செடியை வெட்டி விடுகிற உத்தியோகம் என்பதையும், நம் தாயார் பிறந்தது கூலி லயத்தில் என்பதையும் நாம் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது பதினெட்டு வருஷம் வரையில் மிகவும் சௌகரியமாகவே இருந்து வந்தது.

மதுரையிலிருந்து தேனி, போடிநாயக்கனூர் வழியாகப் பிரயாணம். போடியைத் தாண்டியதும் போடிமெட்டு வரையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இவற்றில் ஒன்பதாவது வளைவில் நம் இளைய குமாரன் காலையில் உண்ட இட்டிலிகளை மலைத்தாய்க்குச் சமர்ப்பணம் செய்தான். மேலே பூப்பாறை, தேவிகுளம், பிறகு மூணாறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுவதால் ஊருக்கு இந்தப் பெயர். கேரள ராஜ்யத்து ஊர்தான். ஆனால் கடைவீதியில் காதில் விழுவதில் பெரும் பகுதி நம் தென் ஜில்லாக்களின் தமிழ்.

நாம் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வெந்நீர் என்று அவர்கள் அழைத்ததை நாம் அவ்வாறு அழைக்கத் தயாராயில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா? மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் சிறிய ரயில். அங்கிருந்து கம்பி வடத்தில் தேயிலைப் பெட்டிகள் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கொட்டகுடியை நோக்கி இறங்கின. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் தண்டவாளத்தையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு அதைக் கட்டவேயில்லை. அந்த வெள்ளத்தின் கதையைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டதாகத் தாயார் கூறினார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்கா. இதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் நிற்கிறது. துரைமார்கள் இந்தப் புல்மலைகளைத் தங்கள் வேட்டைக்கென்று காத்து வைத்திருந்தார்கள். முதுவர் என்ற மலைக்குடியினர் காவல் பார்த்தார்கள். 1971-ல் சட்டம் செய்து கேரள சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயமாகவும், 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. உலகத்தில் வேறெந்த இடத்தையும்விட வரையாடு இங்கேதான் அதிகம்.

வாசலில் டிக்கெட் வாங்கினால் பூங்காவின் பஸ்ஸே ராஜமலைக்கு ஏற்றிச் செல்கிறது. ஏறி இறங்கினோம். எங்கும் மூடுபனி. நீலக்குறிஞ்சியாவது உண்டா என்று பெரியவன் கேட்டான். அது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. 2018-ல் பூத்தது, இனி 2030 என்று காவலர் சொன்னார். ஒரு மணி நேரம் பனியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பனி சற்றே விலகியபோது, பத்தடி தூரத்தில், சாலையோரச் சுவரின்மேல் ஒரு வரையாடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் அது அங்கேயே இருந்திருக்க வேண்டும்!

"எங்கப்பா காலத்துல இது துரையோட ஆடு. கிட்டப் போனா வேலை போயிடும்" என்றார் தாயார்.

சகதர்மிணி திரும்பிப் பார்த்தாள். நாம் ஆட்டை வெகு சிரத்தையாகக் கவனித்தோம்.

இறங்கும்போது தாயார் பஸ் டிரைவரிடம், "பெட்டிமுடி இந்தப் பக்கந்தானே, தம்பி?" என்று விசாரித்தார். அவர் மலையின் மறுபுறத்தைக் கையால் காட்டினார், வாய் திறக்கவில்லை. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, அடைமழையில் மலை சரிந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து போனபடியால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி தெரிந்தது. அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறுப் பக்கம்; நம் தாயாரின் ஊருக்கு வெகு தூரமில்லை. நாம் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு மடித்து வைத்தவர்கள். தாயார் அன்று சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் அவர் கேட்காமலே வண்டியை அவர் சொன்ன எஸ்டேட்டுப் பக்கம் விடச் செய்தோம். லயம் அப்படியே இருந்தது: நீளமான ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். நான்காவது கதவின் முன்னால் தாயார் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஸ்திரீ வந்தாள். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம்.

"யாரைத் தேடுதீங்க, பெரியம்மா?"

"யாரையும் இல்லை, தாயி. நான் பிறந்த வீடு இது."

அப்புறம் நமக்கு அங்கே வேலையில்லை. பாலில்லாத தேயிலைத் தண்ணீர் வந்தது. 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களையெல்லாம் தள்ளி நிறுத்திவிட்டு, 20 சதவிகித போனஸ் கேட்டு மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்த பெண்களில் அவளும் ஒருத்தியாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயர்ந்தது. சகதர்மிணி வாசற்படியில் தாயாரின் அருகில் உட்கார்ந்து, "அடுப்பு எந்த மூலையில் இருந்தது, அத்தை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து விதி. நம் பாட்டனாரும் அப்படித்தான் பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் இரண்டு தகரப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு கோவில்பட்டிப் பக்கம் இறங்கினார். அந்த ஸ்திரீக்கும் வேலை இன்னும் மூன்று வருஷம்தானாம்.

"அப்புறம் எங்கே போவே, தாயி?"

"நீங்க எங்கே போனீங்களோ அங்கேதான்" என்று சிரித்தாள்.

திரும்பும் வழியில், போடிமெட்டில், நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதினெட்டு வருஷத்துச் சமாசாரத்தைச் சகதர்மிணியிடம் ஆரம்பித்தோம்.

"கவாத்து விஷயந்தானே?" என்றாள் அவள். "நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அப்பா ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

பின் ஆசனத்தில் தாயார் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில், அந்த ஸ்திரீ காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்த கால் கிலோ தேயிலை இருந்தது. இளைய குமாரன் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தான். இந்த முறை பதினேழும் சேதமில்லாமல் கழிந்தன.