ஊசித்துளையும் காற்றும்

துறைமுக வாணிகத்தினால் பெயர் பெற்ற பிரிஸ்டல் நகரம், 1967-ஆம் ஆண்டில் ‘பிரிஸ்டல் பெல்’ என்னும் வெப்பக்காற்றுப் பலூன் அங்கே உருவானது முதலாகத் தையற்காரர்களின் நகரமும் ஆயிற்று என்றால் அதில் அதிக மிகையில்லை. மேற்கு ஐரோப்பாவின் முதல் நவீன வெப்பக்காற்றுப் பலூன் என்று கருதப்படும் அதனைச் சமைத்தவருள் ஒருவரான டான் கேமரன், 1971-இல் அவ்வூரிலேயே பலூன் தொழிற்சாலை நிறுவினார். அத்தொழில் வேரூன்றிய அந்நகரில் ஒரு சிறு கூடத்தினுள் நான் நுழைந்தது, தூணும் உத்தரமும் இன்றிக் காற்றையே தாங்குபொருளாகக் கொண்டு நிற்கும் மென்கட்டடங்களின் சூட்சுமத்தை, அவற்றைச் செய்யும் கைகளின் அருகிலிருந்து காணவேண்டும் என்னும் ஆசையினால்தான்.

உள்ளே உலையுமில்லை, சம்மட்டியுமில்லை. நீண்ட மேஜைகளும், தையல் எந்திரங்களின் இரைச்சலும், மலைபோல் குவிந்த நைலான் துணியுமே உண்டு. ஒரு கிழிசல் நேர்ந்தால் அது பரவாமல் தடைபடும்படி இடையிடையே தடித்த இழை கட்டம் கட்டமாகப் பாவியதும், காற்றுப் புகாவண்ணம் பாலியூரித்தேன் பூசியதுமான அத்துணியை, நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகும் நெடும் பட்டைகளாக வெட்டுகிறார்கள். நடுவயதைக் கடந்த ஓர் அம்மையார் இரட்டை ஊசி எந்திரத்தின் முன் அமர்ந்து, இரண்டு பட்டைகளின் ஓரங்களையும் ஒன்றினுள் ஒன்று மடித்துக் கொக்கிபோல் கோத்து, நான்கு மடிப்பையும் ஊடுருவி இருவரிசைத் தையல் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்திரத்தின் பல் கீழ்த்துணியைச் சற்றே விரைவாக இழுக்கும் குணமுடையதாகையால், மேல்துணியைக் கைவிரலால் அதற்கு ஈடாகச் செலுத்தாவிட்டால், பல கஜ நீளத் தையலின் இறுதியில் ஒரு பட்டை சாண் அளவு மிஞ்சிவிடும். அதைத் தடுக்க ஓரங்களில் இட்டுள்ள அடையாளங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதிலேயே அவர் கண் இருந்தது. கணிப்பொறி துணியை வெட்டித் தந்துவிடுகிறது. இந்த விரலின் விவேகத்தை அது இன்னும் கற்கவில்லை.

இத்தனை ஊசித்துளைகளின் வழியே காற்று கசியாதோ என்று வினவினேன். பலூனின் அடிவாய் எப்பொழுதும் திறந்தே கிடக்கும்போது துளைக்கு ஏன் அஞ்சவேண்டும் என்று அவர் சிரித்தார். உண்மைதான், பலூனை உயர்த்துவது அடைபட்ட அழுத்தமன்று, உள்ளிருக்கும் காற்றின் வெப்பமும் அதனால் வரும் இலேசுமே. விளையாட்டுக்காகக் குழந்தைகள் குதிக்கும் காற்றுக்கோட்டைகளும், விசிறி ஓயாது ஊதிக்கொண்டிருப்பதால், தையலில் கசிந்தும் நிமிர்ந்தே நிற்கின்றன. ஹீலியம் பலூனுக்கோ இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒவ்வோர் இணைப்பும் ஒட்டியோ உருக்கியோ அடைபடவேண்டும்.

கூடத்தின் பின்கட்டில், வடிவமைப்புப் பயிலும் இளைஞர் சிலர் பாலித்தீன் தாளைக் கொண்டு பரீட்சை செய்துகொண்டிருந்தனர். வெறுந்தாளைத் தைத்தபோது, தபால்தலை வரிசையைப் போல அது தையல் வழியே கிழிந்துபோயிற்று. நெய்த துணியில் இழைகள் விலகி ஊசிக்கு வழிவிடும், தாளிலோ ஒவ்வொரு துளையும் ஒரு கிழிசலின் ஆரம்பம். பிறகு இரு தாள்களின்மேல் சமையற்காகிதம் விரித்து, சாதாரண இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஒட்டினர். சான் பிரான்சிஸ்கோவில் ‘ஆன்ட் ஃபார்ம்’ குழுவினர் 1971-இல் காற்றுக்கூடம் செய்வதற்கென்றே ஒரு கைந்நூல் வெளியிட்ட காலந்தொட்டு, இத்தகைய எளிய பரீட்சைகளின் சந்ததி அறுபடவில்லை.

இளைஞரைக் குழப்பியது வேறொன்று: ஒரே தாளில் செய்த சிறு குழாய் தாங்கிய அழுத்தத்தைப் பெருங்குழாய் தாங்காது வெடித்தது. சுவரின் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிய அளவாகையால், ஆரம் இரட்டித்தால் இழுவிசையும் இரட்டிக்கும். ஒஸாகாவின் 1970 பொருட்காட்சியில் கட்டடக்கலைஞர் யுடாகா முராட்டா, ஃபூஜி மண்டபத்தை ஒரே குமிழியாக ஊதாமல், 4 மீட்டர் விட்டமுள்ள 16 குழாய்களை வளைத்து நிறுத்தியதன் நியாயம் இதிலிருந்து விளங்கும்.

துளையில்லாத இணைப்பே உயர்ந்தது என்று எண்ணியிருந்த எனக்கு, பழுது பார்க்கும் மேஜை வேறு கருத்தைத் தந்தது. பறந்து பழகிய பலூனில் சூடு மிகுதியாகத் தாக்கும் உச்சிப்பகுதித் துணியே முதலில் நலிகிறது. அதை இடுக்கிகளால் பற்றிக் குறித்த விசையில் இழுத்துச் சோதிக்கிறார்கள். தேறாவிடில் அப்பகுதியின் தையலைப் பிரித்து, புதுத்துணி வெட்டி, அதே மடிப்பில் மீண்டும் தைக்கிறார்கள். உருக்கி ஒட்டியதை அவ்வாறு பிரிக்க இயலாது, ஒட்டுப்போடத்தான் இயலும்.