கதவோரத்துக் கறுப்பு ரப்பர்

சென்னையில் பழைய கார் எதனால் சாகிறது என்று கேட்டால் பலரும் இன்ஜினைத்தான் சொல்வார்கள். மந்தைவெளியிலோ தி.நகரிலோ அடையாற்றிலோ தெருவோரமாக ஆண்டுக்கணக்கில் நகராமல் நிற்கும் மாருதி 800-ஐயும் சான்ட்ரோவையும் ஐகானையும் நின்று கவனித்தால் வேறு பதில் கிடைக்கும். கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் செம்மண் நிறத்தில் உதிரும். முன்சீட்டுக்கு முன்னால் கார்பெட்டைத் தூக்கினால் தரைத் தகடு விரல் பட்டாலே பொத்துக்கொள்ளும். இன்ஜின் மட்டும் பேட்டரியை மாற்றினால் கிளம்பிவிடும். அதற்கு உதிரி பாகம் கிடைக்கும், ரீபோர் செய்யலாம், மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய வேலை அது. துரு தின்ற பாடியை வெட்டி, வெல்டிங் வைத்து, பட்டி தடவி, பெயின்ட் அடித்து மீட்பது அப்படியில்லை. செலவும் கூடுதல், ஓரிரு மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் துரு மறுபடி தலைகாட்டும். அந்தத் துருவுக்கு வழிவிடுவது பெரும்பாலும் கதவையும் கண்ணாடியையும் டிக்கியையும் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர். மெக்கானிக்குகள் பீடிங் என்றும் வெதர் ஸ்ட்ரிப் என்றும் சொல்லும் இந்தச் சாமானுக்கு நம் பராமரிப்புக் கணக்கில் இடமே கிடையாது. பத்து வயது தாண்டிய காருக்கு, இந்த ஊரில், ஆயில் மாற்றுவதற்கு அடுத்தபடியாக வைக்க வேண்டிய செலவு இதுதான் என்பது என் கட்சி.

ரப்பர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம்; அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. கதவை மூடும்போது ரப்பர் நசுங்க வேண்டும். நசுங்கியது மறுபடி எழும்பப் பார்த்துத் தகட்டைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளல்தான் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. அந்தத் தள்ளல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்ததற்குக் காரணம், ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய குளிரில் விறைத்துப்போனது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்திய பிறகும் அது உடனே பழைய உருவத்துக்கு வராததை எல்லோரும் பார்க்கக் காட்டினார். நம் ஊரில் குளிருக்கு அந்த வேலை இல்லை. வெயில் அதையே ஆண்டுக்கணக்கில் நிதானமாகச் செய்து முடிக்கிறது, அதுவும் திரும்பவே முடியாதபடி. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் போதும். கொஞ்சம் பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தால் ரப்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பேருக்குத்தான் இருக்கிறது. ஒரு சாணுக்கு ஓர் இடமாகக் கதவைச் சுற்றிப் பார்த்தால் படம் முழுதாகக் கிடைத்துவிடும். டிரைவர் பக்கக் கதவில் அடிப்பகுதிதான் பெரும்பாலும் முதலில் போயிருக்கும். தினமும் ஏறி இறங்கும் கால்கள் அங்கேதான் உரசுகின்றன.

சென்னையின் காற்றும் வெயிலும் ரப்பருக்கு ஏன் இத்தனை விரோதம் என்பதற்கு விளக்கம் உண்டு. சார்லஸ் குட்இயர் 1839-ல் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்திய இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் உள்ள ஓசோன் அவற்றைத்தான் வெட்டுகிறது. வாகனப் புகையும் சுள்ளென்ற வெயிலும் சேரும் நகரத்தில் தரைமட்டத்திலேயே ஓசோன் உருவாகிறது. ரப்பர் எங்கே வளைந்து இழுபட்டு நிற்கிறதோ அங்கேதான் முதல் வெடிப்பு விழும். பழைய அம்பாசிடரிலும் பியட்டிலும் கண்ணாடி ரப்பர் மூலைகளில் பிளந்து நிற்பது இதனால்தான். பின்னால் வந்த கார்களில் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோன் அதை எளிதில் தொடாது. அதற்காக அது சாகாவரம் பெற்றதாக ஆகிவிடாது. கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தச் சூட்டில், கதவு அழுத்திய நிலையிலேயே, நாள் முழுக்கக் கிடக்கும் ரப்பர் நசுங்கிய உருவத்தையே தன் உருவமாக்கிக்கொள்கிறது. வெடிப்பு தெரியாது, கறுப்பும் மங்காது. தள்ளும் சக்தி மட்டும் போயிருக்கும். அதனால்தான் பளபளப்பைப் பார்த்து ரப்பரை நம்பக் கூடாது என்கிறேன்.

இனி தண்ணீர் போகும் வழியைப் பார்ப்போம். கார்க் கதவு தண்ணீரே புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி வடிவமைக்கப்படவில்லை. இறக்கி ஏற்றும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டி நிற்கும் ரப்பர் உதடு பெருமளவு மழையை வழித்துத் தள்ளும். மீறி உள்ளே இறங்குவது கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேறிவிடும். உட்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அதைச் சீட்டுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும். வெளி உதடு தேய்ந்ததும் தண்ணீரோடு புழுதியும் இறங்குகிறது. புழுதி சேறாகித் துளையை அடைக்கிறது. கதவின் அடிமடிப்பில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி உள்ளிருந்து தகட்டைத் தின்கிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை பாதி முடிந்திருக்கும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் மர நிழலில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகளும் பெருங்கொன்றையின் மஞ்சள் பூக்களும் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில், விழுந்து மட்கி வடிகாலை அடைக்கின்றன. தேங்கும் தண்ணீர் டேஷ்போர்டுக்கு அடியில் இறங்கி முன்பக்கக் கார்பெட்டின் கீழே உள்ள மெத்தையில் ஊறிக் கிடக்கும். மேலே காய்ந்ததுபோல் இருக்கும். அடியில் வாரக்கணக்கில் ஈரம். கடல்காற்று கொண்டுவரும் உப்பு அந்த ஈரத்தில் கரைந்தால் துருவின் வேகம் கூடும். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் ஜன்னல் கம்பியைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழையே இரண்டு மாதம்தானே, அதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது என்பது சரிதான். மிச்சமும் அலட்சியப்படுத்தும் அளவல்ல. ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு வரும் மழை, புழுதி படிந்த ரப்பர் மேல்தான் விழுகிறது. வெள்ளம் வந்தால் ரப்பர் என்ன செய்யும் என்பது இதற்கு அடுத்த கேள்வி. ஒன்றும் செய்யாது. 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் தாம்பரத்தில் ஒரே நாள் கணக்கில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தில் கார்கள் மூழ்கின. அந்த நிலையில் புது ரப்பர் போட்ட காரும் பழைய ரப்பர் காரும் ஒன்றே. கதவு ரப்பர் காரைப் படகாக்குவதற்கு வைத்ததல்ல. வெள்ளம் அபூர்வமாக வருகிறது, தூறலும் பனி ஈரமும் உப்புக் காற்றும் ஆண்டு முழுக்க வருகின்றன. காரை வெள்ளம் ஒரே நாளில் கொல்கிறது என்பதற்காக, பத்து ஆண்டுகளில் கொல்வதை விட்டுவிட முடியாது.

விற்றால் சொற்பத் தொகைகூடப் போகாத வண்டிக்கு ஏன் செலவு என்பது கனமான ஆட்சேபம். ஆனால் அது தவறான இரண்டு தொகைகளை ஒப்பிடுகிறது. ரப்பரின் விலையைக் காரின் விற்பனை விலையோடு வைத்துப் பார்க்கக் கூடாது. ரப்பர் தடுக்கும் தகட்டு வேலையோடும், இந்தக் காருக்குப் பதிலாக வாங்க வேண்டிய அடுத்த காரோடும் வைத்துப் பார்க்க வேண்டும். டெல்லியில் கொண்டுவந்ததைப் போல வயதை மட்டும் வைத்துத் தனியார் காரை ஓரங்கட்டும் விதி தமிழ்நாட்டில் இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்த காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வளவு கட்டி ஐந்து ஆண்டு வாங்குகிறவர், அந்த ஐந்து ஆண்டும் தகடு தாங்குமா என்று பார்க்காமல் இருப்பது கணக்குத் தெரியாமை. சட்டம் வயதை விட்டுவிட்ட ஊரில் காரின் ஆயுளை முடிவு செய்வது அதன் தகடுதான்.

சாமான் கிடைக்காது என்பது அடுத்த தடை. இது ஓரளவு உண்மை. அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றுபோயின. ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, மறுஆண்டு மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. 1961-ல் மெட்ராஸில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் தெருவில் ஏராளமாக ஓடிய வண்டிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் ஏதேனும் ஒரு வழி பிறக்கும். கடைக்குப் போகும்போது பழைய ரப்பரில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி எடுத்துப் போக வேண்டும்; அதுவும் அதிகம் நசுங்காத மேல்மூலையிலிருந்து. வெட்டு முகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் குழலின் பருமனும் தகட்டைக் கவ்வும் வாயின் அகலமும் பொருந்துகின்றனவா என்று தெரியும். மீட்டர் கணக்கில் விற்கும் பொது ரப்பர் டிக்கிக்கோ கூடுதல் தடுப்பாகவோ உதவலாம். கதவுக்கு அளவு மாறினால் ஒன்று கதவு மூடாது, இல்லையென்றால் ஒழுகும். புதுப்பேட்டையில் பழைய கைப்பிடி வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், ஆல்டர்னேட்டர்கூட வாங்கலாம். பழைய ரப்பர் மட்டும் வாங்கக் கூடாது. இன்னொரு காரின் கதவு ஏற்கெனவே நசுக்கித் தீர்த்ததற்குக் காசு கொடுப்பானேன்?

எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கிழிசல், கழன்ற இடம், அழுக்கு ஆகிய மூன்றையும் பழுது பார்க்கலாம். கிழிசலுக்கு ரப்பர் பசை போதும். தகட்டைக் கவ்வும் உள்கம்பி தளர்ந்திருந்தால் குறடால் மெல்ல நெரித்துச் சரி செய்யலாம். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து சிலிகான் கிரீஸ் தடவினால் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். மண்ணெண்ணெய், டீசல், சாதாரண கிரீஸ் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, ஈ.பி.டி.எம். பெட்ரோலிய எண்ணெயில் உப்பி நைந்துபோகும். தள்ளும் சக்தி போன ரப்பருக்கு மட்டும் வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இடுக்கில் சிலிகான் பசையைப் பிதுக்கிவிட்டால் ஆயிற்று என்ற குறுக்குவழி நம்மிடம் பிரபலம். காடி நாற்றம் அடிக்கும் மலிவு ரகங்கள் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகின்றன. அது இரும்பை அரிக்கும். வடிய வேண்டிய தண்ணீரையும் அந்தப் பசை உள்ளேயே அடைத்துவிடும். மாற்றுகிற வேலையிலும் இரண்டு விஷயங்களில் கண் வேண்டும். நீளம் பற்றவில்லை என்று ரப்பரை இழுத்துப் பொருத்தினால் சில வாரங்களில் அது சுருங்கி மூலையில் இடைவெளி விடும். கீல் தேய்ந்து கதவு இறங்கியிருந்தால் முதலில் கதவைத் தூக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எந்த ரப்பரும் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் தொடாது. அம்பாசிடர், பியட் முன்கண்ணாடிக்கு ரப்பர் மாற்றுவது தனிக் கைவேலை. ரப்பரின் பள்ளத்தில் நூல்கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். பழகிய ஆளிடம்தான் இதை ஒப்படைக்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரப்பர் மாற்றினால் பழைய காரில் ஏர்பேக் முளைக்காது, புகையும் குறையாது. அந்தக் காரணங்களுக்காக வண்டியை விடுவதென்றால் தாராளமாக விடலாம். ஆனால் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர் அதைப் பாதி மனதோடு செய்யக் கூடாது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். கதவடித் துளைகளைக் குச்சியால் குத்தி விடுங்கள், வைப்பர் பள்ளத்துச் சருகை அள்ளுங்கள், தாள் கீற்றால் நான்கு கதவையும் சோதியுங்கள், ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடித்துப் பாருங்கள். மாற்ற வேண்டியதை மழைக்கு முன் மாற்றினால் ரப்பர் செலவோடு போகும். மழைக்குப் பின் என்றால் டிங்கரிங் செலவும் சேர்ந்துகொள்ளும்.