பீங்கான் பித்து

நமக்குப் பீங்கான் பொம்மைகள் சேர்க்கும் பைத்தியம் உண்டு. இதை நாம் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. கூடத்தில் நிற்கும் இரண்டு கண்ணாடி அலமாரிகளும் வருகிறவர்களிடமெல்லாம் கோள் சொல்லிவிடுகின்றன. சென்ற மாதம் வந்த நண்பர் ஒருவர் அவற்றைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதற்குப் பதில் வெள்ளிப் பாத்திரமாக வாங்கிப் போட்டிருந்தால் அவசரத்துக்கு அடகாவது வைக்கலாமே!" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் வெள்ளிப் பாத்திரம் கீழே விழுந்தால் நசுங்குமே தவிர, யாருக்கும் நெஞ்சு நின்றுபோவதில்லை. பீங்கானின் சுவாரஸ்யமே அங்கேதான் இருக்கிறது என்பது நமது கட்சி.

இந்தப் பித்துக்கு மூலகாரணம் பாட்டி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த யசோதை பொம்மை. ஒரு சாண் உயரம், மடியில் கண்ணன், அவனுடைய வலது கை தாயின் முகவாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடியில் 'ஜெர்மனியில் செய்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஜெர்மானியர்கள் ரவிவர்மாவின் படங்களைப் பார்த்து நம் தெய்வங்களைப் பீங்கானில் வார்த்து இந்தியாவுக்கு அனுப்பி வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அவற்றை இன்றும் காணலாம். கோகுலத்து இடைச்சிக்கு அவ்வளவு ரோஜா நிறக் கன்னம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது. வர்ணம் தீட்டியவர் தம் ஊர்ப் பெண்களைத்தானே பார்த்திருப்பார்!

அந்த முத்திரைக்கும் ஒரு கதை உண்டு. வெளிநாட்டுச் சரக்கு பிறந்த நாட்டின் பெயரைத் தாங்க வேண்டும் என்று 1887-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஜனங்கள் ஜெர்மன் சரக்கை அடையாளம் கண்டு ஒதுக்குவார்கள் என்பது எண்ணம். நடந்தது நேர் விரோதம். அந்த முத்திரையைத் தேடித் தேடி வாங்கினார்கள்!

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது தாத்தா வீட்டிலிருந்த அன்னியத் துணிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்த் தெருமுனையில் கொளுத்தினார். திரும்பி வந்தவருடைய பார்வை யசோதையின்மேல் விழுந்தது. "இதுவும் அன்னியச் சரக்குத்தான். பண்ருட்டியில் நல்ல மண் பொம்மை கிடைக்கிறது" என்றாராம். பாட்டி பதறவில்லை. "பிரசவம் வெளியூரில் ஆகிவிட்டால் பிள்ளை நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா?" என்று கேட்டாள். தாத்தா அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த வருஷத்துக் கொலுவில் பண்ருட்டிப் பொம்மைகளுக்கு நடுவே யசோதையும் இருந்தாள்.

போலீஸ் தடியடிக் காலத்திலும் பங்கப்படாத அந்தப் பொம்மையை நாம் எட்டாவது வயதில் உடைத்தோம். கொலுப்படியிலிருந்து இறக்கும்போது கை நழுவியது. யசோதை ஜமக்காளத்தில் விழுந்து பிழைத்தாள். கண்ணனின் வலது கை மட்டும் மணிக்கட்டோடு தனியே கிடந்தது. பாட்டி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தச் சிறு கையைப் பொறுக்கி எடுத்துக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினாள். அடித்திருந்தால் மறந்திருப்போம்.

உத்தியோகத்துக்கு வந்தபின் அதே மாதிரி யசோதை ஒன்றை வாங்கிப் பாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று புறப்பட்டோம். 1985-இல் தீக்கு இரையான சென்னை மூர் மார்க்கெட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் எத்தனை மத்தியானங்கள்! யசோதை அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் ஒரு சரஸ்வதி, ஒரு நடனமாது, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரையுள்ள ஒரு மீன்காரப் பையன் என்று வாங்கி வந்தோம். நாடு தோற்று அன்னியப் படை குந்தியிருந்த நாட்களில் செய்த பையன் அவன். என்ன சிரிப்புச் சிரிக்கிறான்! இப்படித்தான் அலமாரி நிறைந்தது.

தேடப் போன இடத்தில் சரித்திரமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நம்மைவிடப் பெரிய பைத்தியம் ஸாக்ஸனி மன்னர் அகஸ்டஸ். 1717-இல் 151 சீனத்துப் பீங்கான்களுக்காகத் தம் குதிரைப் படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய அரசருக்குக் கொடுத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பொன் செய்வதாகச் சொன்ன பாட்கர் என்ற இளைஞரை அவர் காவலில் அடைத்து வைத்திருந்தார். பொன் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710-இல் மைஸன் நகரில் தொழிற்சாலை எழுந்தது. 1731-இல் அங்கே சேர்ந்த காண்ட்லர் என்ற சிற்பி, பாத்திரம் செய்த மண்ணில் மனிதர்களையும் மிருகங்களையும் வடித்தார். வாத்தியம் வாசிக்கும் குரங்குக் கச்சேரி அவர் காலத்துப் படைப்பு.

பொம்மையை ஒரே அச்சில் வார்ப்பதில்லை. தலை, கை, கால் எல்லாம் தனித்தனி அச்சுகள். களிமண் குழம்பால் ஒட்டிச் சூளையில் வைத்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற அடியில் ஒரு சிறு துவாரம் விடுவார்கள். 1,400 டிகிரி வரையில் வேகிற நெருப்பில் விரல் நுனிகூடக் கோணாமல் வர வேண்டும். நாம் உடைத்த இடம் அந்தக் கையை ஒட்டிய இடமேதான் என்று பிற்பாடு தெரிந்தது. அதனால் குற்றம் குறைந்துவிடாது. இருந்தாலும் ஓர் ஆறுதல்.

ஏமாந்ததையும் சொல்லிவிட வேண்டும். மைஸன் பொம்மைகளின் அடியில் குறுக்கிட்ட இரண்டு நீல வாள்கள் இருக்கும். அப்படி ஒரு பொம்மையை ஒரு மாதச் சம்பளத்துக்கு வாங்கி, ஒரு வாரம் கர்வத்தோடு நடந்தோம். அசல் முத்திரை மெருகுக்கு அடியில் இருக்கும்; விரலுக்குத் தட்டுப்படாது. நம்முடையது நகத்தால் சுரண்டியவுடன் பெயர்ந்து வந்தது! அந்தப் பொம்மையையும் எறியவில்லை. அதன் முகம் பொய் சொல்லும் முகமாக இல்லை.

பாட்டி காலமான பிறகு குங்குமச் சிமிழைத் திறந்தோம். கை சிவந்து கிடந்தது. எவ்வளவு துடைத்தும் உடைந்த ஓரத்தில் ஏறிய குங்குமம் போகவில்லை. அப்படியே ஒட்டினோம். கண்ணனின் மணிக்கட்டில் இப்போது மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வளையல்போல் இருக்கிறது. வேறு யசோதையைத் தேடுவதை அன்றோடு விட்டுவிட்டோம்.

சென்ற நவராத்திரியில் பேத்தி, பொம்மையைத் தானே படியில் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கும் எட்டு வயது. வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். நாம் எடுத்துக் கொடுத்தோம். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தவள், "தாத்தா, இதை யார் உடைத்தது?" என்று கேட்டாள்.

"நாம்தான்" என்றோம்.

குழந்தை நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, உதவிக்கு நீட்டிய நம் கையை விலக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தானே கொண்டுபோய் மூன்றாம் படியில் வைத்தாள்.