குடைக்குக் கீழே ஒரு முகம்

மாசி மகத்தன்று பொழுது விடிவதற்குள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ்ஸுக்குக் கூட்டம் முட்டும். விழுப்புரத்திலும் அப்படித்தான். கையில் எள் பொட்டலம், மாற்றுத் துணி, தோளில் தூக்கம் கலையாத பிள்ளை. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி வைத்திக்குப்பம் கடற்கரை. அங்கே இவர்களுக்கு முன்பே இவர்கள் ஊர்ச் சாமிகள் புறப்பட்டுப் போயிருக்கும்.

மயிலம் முருகன் வருவார். தீவனூர் பொய்யாமொழி விநாயகர் வருவார். செஞ்சி ரங்கநாதரும், திண்டிவனம் நல்லியக்கோடன் நகர் சீனிவாசப் பெருமாளும் வருவார்கள். புதுச்சேரிக் கோயில்களின் சாமிகளும் சேர்ந்துகொள்ள, மணலில் போட்ட பந்தலில் வரிசையாக வீற்றிருப்பார்கள். இத்தனை ராஜாக்கள் ஒரே இடத்தில் கூடுவதை வேறெங்கு பார்க்க முடியும்?

ராஜா என்பது சும்மா சொல்வதல்ல. வெண்குடை, சாமரம், முன்னால் மேளம், நாகஸ்வரம் என்று அரசனுக்குரிய மரியாதை எல்லாம் இங்கே சாமிக்கு நடக்கிறது. நிஜ அரசர்கள்தான் போய்விட்டார்கள். நல்லியக்கோடன் ஓய்மாநாட்டை ஆண்டவன். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. அவன் பெயர் தாங்கிய நகரிலிருந்து ஒரு பெருமாள் ஆண்டுதோறும் குடை பிடித்துக் கடலுக்குக் கிளம்புகிறார்.

செஞ்சிக் கதை இன்னும் உருக்கமானது. ராஜா தேசிங்கு 1714-இல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி மாண்டான். 'போருக்குப் போகாதே' என்று சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. தேசிங்கின் கோட்டைக்குள் போக இப்போது டிக்கெட் வாங்க வேண்டும். ரங்கநாதரைக் கடற்கரையில் பார்க்க டிக்கெட் கிடையாது.

அதற்காகத்தான் வயதானவர்கள் இந்த நெரிசலுக்கு வருகிறார்கள். சிங்கவரத்துப் படிகளில் முழங்கால் ஏறாது. மயிலம் மலையும் அப்படியே. மலையில் இருப்பவரே இன்று இறங்கி வருகிறார்.

ஆனால், கூட்டத்தில் நின்று பார்ப்பது லேசான காரியமா? மேளச் சத்தம் நெருங்கியதும் முன்னால் நிற்பவர்கள் போனைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவார்கள். குடை தெரியும், மாலை தெரியும், முகம் தெரியாது. 'கையக் கீழ போடுப்பா' என்று பின்னாலிருந்து குரல் வரும். குடை அசைந்து விலகும் ஒரு நொடி. அவ்வளவுதான், கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் சாமி நகர்ந்திருக்கும்.

தீர்த்தவாரியில் அஸ்திரதேவரும் சக்கரத்தாழ்வாரும் அலையில் முழுக்குப் போடுவார்கள். கூட்டமும் கூடவே இறங்கும். போக நினைப்பவர்கள் அதிகாலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் மணல் சுடும். பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

வெயில் ஏறியபின் மயிலம் வழியாகத் திரும்பும் பஸ்ஸில், ஈரப் புடவையோடு ஒரு பாட்டி. பேரன் முகம் தொங்கியிருக்கிறது. அவன் பார்த்ததெல்லாம் குடைதானாம்.

"நீ பாத்தியா ஆயா?"

"பாத்தேன். நீ ஏன்டா அழுவுற? முருகன் நம்ம ஊருக்குத்தான திரும்பி வருவாரு, அப்ப தூக்கிக் காட்டுறேன்."

பாட்டி சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் வைக்கிறாள்.