கடவுளிடம் மட்டும் சொன்னால் போதுமா?

பிறர் குற்றத்தைப் பேச நமக்கு நாக்கு நீளுகிறது. நம் குற்றத்தைப் பேச மட்டும் நா எழுவதில்லை. இக்கட்டுரையில் என் குற்றம் ஒன்றை எழுதத் துணிந்துள்ளேன். நான் கிறிஸ்தவன், ஆகவே என் சமய மொழியில்தான் இதைச் சொல்ல முடியும். எனினும் மனச்சாட்சி எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானதன்றோ? எனவே மாணவ நண்பர்கள் அனைவரும் படிக்கலாம்.

1984ஆம் ஆண்டு. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்று, வேறொரு நகரத்துக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தேன். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போவேன். பாடகர் குழுவிலும் எனக்கு இடம் உண்டு. எங்கள் விடுதியில் உணவுச் செலவை மாணவர்கள் பங்கிட்டுக் கட்டும் ‘டிவைடிங்’ முறை. மாதம் ஒரு மாணவர் பிரதிநிதியாக இருந்து, சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக் கணக்கு எழுத வேண்டும். சனவரி மாதம் என் முறை. கூடை சுமக்கச் சமையற்கூடப் பணியாளர் ஒருவர் உடன் வருவார். எங்களைவிட இருபது வயது மூத்தவர்; அண்ணாச்சி என்றே அழைப்போம்.

துண்டுச் சீட்டில் விலையை நான்தான் எழுதுவேன். முதலில் ஒரு ரூபாய் கூட்டி எழுதினேன். யாரும் கேட்கவில்லை. பிறகு இரண்டு, மூன்று. சினிமாவும் சிகரெட்டும் அந்தப் பணத்தில் கரைந்தன. மாத முடிவில் விடுதிக் காப்பாளர் கடைக்காரரின் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 64 ரூபாய் இடித்தது. என்னை அழைத்துக் கேட்டார். “சில நாள் அண்ணாச்சி மட்டும் போய்ப் பணம் கொடுத்து வாங்கி வந்தார், சார்” என்றேன். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. படிக்கிற பையனின் சொல் ஏறிற்று. கூடை தூக்குகிறவரின் சொல் ஏறவில்லை. மறுநாள் அவர் வேலையில் இல்லை.

அன்றிரவு முழங்காற்படியிட்டு அழுதேன். ‘ஆண்டவரே, என்னை மன்னியும்’ என்று வேண்டினேன். எழுந்தபோது நெஞ்சு இலேசானதுபோல் இருந்தது. ஆனால் மறுநாள் சமையற்கூடத்தைக் கடந்தபோது பழைய பாரம் திரும்ப ஏறிக் கொண்டது. இப்படியே ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டேன். என் ஜெபத்தின் மறைவான பகுதியை நான் உரக்கச் சொல்லவில்லை: ‘மன்னியும், ஆனால் யாருக்கும் தெரிய வேண்டாம்.’

லெந்து நாட்கள் வந்தன. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். அந்நகரத்து ஐயர், வரலாற்று மாணவன் என்பதால், புனித அகுஸ்தீனின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கக் கொடுத்தார். அவர் கி.பி. 354இல், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டிலுள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். பதினாறாம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து அயலார் மரத்தின் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்தார். பின்னாளில் தம் வாழ்வை அறிக்கையிட்டு 13 பகுதிகளில் நூல் எழுதியபோது இச்சிறு திருட்டைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். பசிக்காகத் திருடவில்லை, தீமையின் சுவைக்காகவே திருடினேன் என்பது அவர் கண்ட முடிவு. இளமையில் தூய்மை வேண்டும் என்று ஜெபித்தவர், அது உடனே வந்துவிடக் கூடாதே என்றும் அஞ்சியதாக அவரே எழுதியுள்ளார். அதைப் படித்தபோது என் முகத்தையே கண்ணாடியில் கண்டேன்.

386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அவர் மனம் மாறிற்று. 387இல் அம்புரோஸ் ஆயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் அவ்வரலாற்றில் ஒரு செய்தி என்னை உறுத்தியது. பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனைப் பெற்றுத் தந்த பெண், அவருக்கு வேறிடத்தில் மணம் பேசப்பட்டபோது ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிட்டாள். அவள் பெயர்கூட அந்நூலில் இல்லை. கடவுளிடம் கண்ணீர் விட்டவர் அவளிடம் என்ன சொன்னார்? என் அண்ணாச்சியிடம் நான் என்ன சொன்னேன்?

லூக்கா 19ஆம் அதிகாரத்துச் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். என்னிடம் நான்கு மடங்கு இல்லை. கைக்கடிகாரத்தை விற்று 100 ரூபாயோடு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். ஒரு தேநீர்க் கடையில் டம்ளர் கழுவிக் கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பணத்தையும் தொடவில்லை.

“காசு கிடக்கட்டும் தம்பி. ‘எங்கப்பா களவாண்டாரா’ன்னு எம் பொண்ணு கேக்கா. அவகிட்ட வந்து சொல்லுவீகளா?”

அந்த ஓலைக் குடிசையின் வாசலில், பத்து வயதுச் சிறுமியின் முன் நின்று, “களவாண்டது நான்தான்மா, உங்கப்பா இல்லை” என்று சொன்னேன். அதைவிடக் கடினமான வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. மறுநாள் காப்பாளரிடமும் சொன்னேன். விடுதியிலிருந்து நீக்கப்பட்டேன், ஊரில் அப்பாவின் தலை குனிந்தது. அண்ணாச்சியை மீண்டும் வேலைக்கு அழைத்தார்கள். அவர் வரவில்லை. நான் உடைத்ததை என்னால் முழுவதும் ஒட்ட வைக்க இயலவில்லை.

அப்படியானால் விசுவாசம் எனக்கு என்ன செய்தது? குற்றத்தை அது மூடவில்லை. அந்தக் குடிசை வாசல்வரை என்னை நடத்திச் சென்றது. கடவுள் என்னைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை இல்லாதிருந்தால், மனிதர் முன் அவமானப்படும் துணிவு எனக்கு வந்திராது. இன்று வகுப்பில் பாடம் சொல்லும் ஆசிரியனாக இருக்கிறேன். சுற்றுலாக் கணக்கோ விழாக் கணக்கோ கைக்கு வந்தால் இன்றும் விரல் சற்று நடுங்கும். ஆயரான பின்னும் தம்மிடம் எஞ்சியிருந்த சோதனைகளை அகுஸ்தீன் தம் நூலின் பத்தாம் பகுதியில் எழுதி வைத்தார். பாவத்தை ஒரே நாளில் வென்றுவிட்டேன் என்று நானும் சொல்லமாட்டேன்.

மாணவ நண்பர்களே! தவறு நேர்ந்தால் கடவுளிடம் சொல்லுங்கள், அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களால் புண்பட்டவர் எங்கேனும் ஒரு தேநீர்க் கடையில் இருக்கக்கூடும். அவரையும் தேடிச் செல்லுங்கள்.