சூரியனை உளவு பார்க்கும் கட்டபொம்மன்!

கோவில்பட்டி கரிசல் காட்டில் பஸ் ஏறுங்க. 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, அப்புறம் நெல்லை, நாங்குநேரி தாண்டினா விஜயநாராயணம். ஈஃபில் டவரையே குட்டையாக்கும் 471 மீட்டர் டவர்கள்! 1990 முதல் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்பும் கடற்படைத் தளம், 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்'. உள்ளே நோ என்ட்ரி.

ஆனா, 18.2 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு ஏது காம்பவுண்ட் சுவர்? சூரியன் சீறினா, சுமார் 70 கி.மீ. உயரத்தில் அயனிமண்டலம் மாறும். சிக்னலோட பலமும் மாறும். கொல்கத்தா விஞ்ஞானிகள் அதை வெச்சே சூரிய வெடிப்புகளை ஆராய்ஞ்சிருக்காங்க.

லாட்வியாவின் இர்பெனேயில் ராணுவம் 1994-ல் கிளம்பின பிறகுதான் ரகசிய ஆன்டெனா விஞ்ஞானிகள் கைக்கு வந்தது. இங்கே யாரும் கிளம்பவே வேண்டாம். ரகசிய மெசேஜ் நமக்குப் புரியாது, பலத்தை அளக்கலாமே! வயர் சுத்தின லூப் ஆன்டெனா, ஆம்ப்ளிஃபையர், சவுண்ட் கார்டு போதும். தூரத்தில் பிடிச்சாத்தான் மாற்றம் நல்லாத் தெரியும், சென்னை ஃப்ரெண்டைக் கூட்டு சேருங்க. புராஜெக்ட்டைக் கடையில காசு கொடுத்து வாங்காதீங்க பாஸ்!